அரசியல் குடும்பத்து எம்.பி. யாராவது சொந்தக் கட்சி அமைச்சரையே பதவி விலக வைத்திருக்கிறாரா?

உண்டு. பெரோஸ் காந்தி. நேருவின் மருமகன், இந்திராவின் கணவர். 1952 முதல் 1960ல் இறக்கும் வரை ரேபரேலிப் பகுதியின் எம்.பி. (பார்சிக்காரர். மகாத்மாவுக்கு எந்த உறவும் இல்லை. இவரைப் பற்றிப் பேசினாலே இதை முதலில் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.)

என் அப்பா எல்.ஐ.சி. ஏஜென்ட். ராத்திரி பிரீமியம் ரசீதுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போடும்போது, "நம்ம கார்ப்பரேஷன் வந்ததுக்கு அந்த மனுஷனும் ஒரு காரணம்டா" என்பார். நான் இவர் பெயரைக் கேட்டது அப்படித்தான்.

அப்பா சொன்னதில் தப்பில்லை. 1955ல் தொழிலதிபர் டால்மியாவின் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர் பணம் எங்கே போனது என்று மக்களவையில் புட்டுப் புட்டு வைத்தவர் பெரோஸ். அடுத்த ஆண்டே 245 கம்பெனிகளை ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது.

சரி, அதோடு விட்டாரா? அந்த எல்.ஐ.சி.யே 1957ல் முந்த்ரா என்ற தொழிலதிபரின் தள்ளாடிக்கொண்டிருந்த ஆறு கம்பெனிகளில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கொட்டியது. டிசம்பரில் பெரோஸ் எழுந்தார். எதிர்க்கட்சி வரிசையிலிருந்து இல்லை, காங்கிரஸ் வரிசையிலிருந்தே. நிதியமைச்சர் நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரி. அமைச்சருக்கும் செயலாளருக்கும் நடந்த ரகசியக் கடிதப் போக்குவரத்து வரை பெரோஸ் கையில் இருந்தது. நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா. மாமனாருக்கு வேண்டிய அமைச்சர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படி இருந்திருக்கும்? இந்திரா பிள்ளைகளோடு அப்பாவோடு பிரதமர் இல்லமான தீன்மூர்த்தி பவனில் இருந்தார். இவர் எம்.பி. குவார்ட்டர்ஸில் தனியாக. பிரதமர் மருமகன் என்பதால்தான் அவர் பேச்சுக்கு அவ்வளவு வெளிச்சம் கிடைத்தது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அதை அவர் செலவழித்த விதம் வேறு.

எனக்கு முந்த்ராவைவிடப் பெரிதாகப் படுவது 1956ல் தனிநபர் மசோதாவாக (அமைச்சராக இல்லாத எம்.பி. தானே கொண்டுவருவது) அவர் கொண்டுவந்த சட்டம். நாடாளுமன்றத்தில் பேசியதை உள்ளபடி அச்சிட்டால் பத்திரிகை மேல் வழக்குப் போட முடியாது என்றது அது. எமர்ஜென்சியில் அதை ரத்து செய்தது அவர் மனைவியின் அரசு. 1977ல் ஜனதா வந்துதான் மீட்டது. அந்தத் தேர்தலில் இந்திரா தோற்றதும் பெரோஸின் அதே ரேபரேலியில்தான்.