பென் ஜான்சன்: குதிரை கொண்டுவந்து விட்ட ஆஸ்கர் நடிகர் (கேள்வி பதில்)

கே: பென் ஜான்சன் என்றால் 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்தில் சிக்கிய ஓட்டக்காரர்தானே?

ப: அவர் கனடாக்காரர், வேறு ஆள். நான் சொல்பவர் 1918-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிறந்தவர். அப்பா மாட்டுப் பண்ணைக்காரர், ரோடியோ (மாடு, குதிரைகளோடு கௌபாய்கள் திறமை காட்டும் போட்டி) சாம்பியன். பழைய வெஸ்டர்ன் (கௌபாய்) படங்களில் நாயகனுக்குப் பக்கத்துக் குதிரையில், அதிகம் பேசாமல் வருவாரே, அவர்தான்.

கே: மாடு மேய்த்தவருக்கு சினிமா எப்படி சார் கிடைத்தது?

ப: தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸ் தன் படத்துக்காகக் குதிரைகள் வாங்கினார். அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை ஜான்சனுக்கு வந்தது. பண்ணையில் நாளுக்கு ஒரு டாலர் கூலி, ஹாலிவுட்டில் முதல் காசோலையே 300 டாலர் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு ஊர் திரும்ப யாருக்கு மனம் வரும்? ஸ்டண்ட் ஆளாக, டூப்பாக அங்கேயே தங்கிவிட்டார்.

கே: இயக்குநர் ஜான் ஃபோர்ட் கண்ணில் பட்டது எப்படி?

ப: 'ஃபோர்ட் அபாச்சி' (1948) படத்தில் ஹென்றி ஃபோண்டாவுக்கு டூப் போட்டார். படப்பிடிப்பில் குதிரைகள் மிரண்டு, ஆட்கள் இருந்த வண்டியோடு தறிகெட்டு ஓடின. ஜான்சன் விரட்டிப்போய் நிறுத்தினார். இன்னொரு டூப் வேலை கிடைக்கும் என்று நினைத்தவருக்கு 7 வருட நடிப்பு ஒப்பந்தத்தையே நீட்டினார் ஃபோர்ட். வாரம் 5,000 டாலர் என்ற வரியைப் பார்த்ததும் மேற்கொண்டு படிக்காமல் கையெழுத்துப் போட்டாராம்.

கே: எல்லா கௌபாய் நடிகர்களும்தான் குதிரை ஓட்டுகிறார்கள். இவரிடம் என்ன விசேஷம்?

ப: 'ரியோ கிராண்டே' (1950) பாருங்கள். இரண்டு குதிரைகள் ஒட்டிப் பாய்கின்றன. ஒன்றின் முதுகில் ஒரு கால், மற்றதில் மறு கால் ஊன்றி நின்றபடியே தடுப்பைத் தாண்டுகிறார். டூப் கிடையாது. சாதாரணமாக ஓட்டும்போதும் இடுப்புக்கு மேலே கவனியுங்கள்: குதிரை நாலு கால் பாய்ச்சலில் போகும், அவர் தொப்பி மட்டும் ஒரே மட்டத்தில் நகரும். இதை எந்த நடிப்புப் பள்ளியும் சொல்லித்தராது.

கே: நடுவில் சினிமாவை விட்டது ஏன்?

ப: அப்பாவைப் போல ரோடியோவில் ஜெயிக்கும் ஆசை. 1953-இல் டீம் ரோப்பிங்கில் உலக சாம்பியன் ஆனார். ஒருவர் மாட்டின் கொம்பிலும் கூட்டாளி பின்னங்காலிலும் சுருக்குக் கயிறு வீசும் போட்டி அது. பட்டம் வந்தது, பணம் வரவில்லை. தேய்ந்த காரும் மனைவியின் கோபமும்தான் மிச்சம் என்றார். ரோடியோ உலகப் பட்டமும் ஆஸ்கரும் சேர்ந்து வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

கே: 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ'வில் பத்து நிமிஷம்கூட வரவில்லை. அதற்கு ஆஸ்கரா?

ப: முழுக்கத் தகும். வசனத்தில் கெட்ட வார்த்தைகள் என்று முதலில் மறுத்தவர் அவர். ஃபோர்ட் போனில் பேசி இணங்க வைத்தார். தன் வசனங்களைத் திருத்திக்கொண்டுதான் நடித்தார். குளக்கரையில் உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு முன் தான் விரும்பிய பெண்ணைப் பற்றிப் பேசும் காட்சி இருக்கிறது. கேமரா மெல்ல நெருங்குகிறது. குரலை உயர்த்துவதில்லை, கண் கலங்குவதில்லை. ஆனாலும் இழப்பின் கனம் முழுதும் நமக்குப் புரிந்துவிடுகிறது. ஹாலிவுட்டில் எல்லோரும் தன்னைவிட நல்ல நடிகர்கள், ஆனால் பென் ஜான்சனாக நடிக்க யாராலும் முடியாது என்பார். எனக்கு அது அடக்கமாகப் படவில்லை, சரியான கணிப்பாகவே படுகிறது.

கே: முதலில் எதைப் பார்க்கலாம் அண்ணா?

ப: 'வேகன் மாஸ்டர்' (1950). பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாத படம் என்பதால் ஜான்சனுக்கு நிறைய இடம் கிடைத்தது. அடுத்து 'தி வைல்ட் பன்ச்' (1969), ரத்தம் அதிகம், குழந்தைகளோடு வேண்டாம். 'பிக்சர் ஷோ'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.