பத்திரிகையில் வளைவான ஆங்கில எழுத்து: எங்கே போடலாம், எங்கே கூடாது?

காவேரிப்பட்டணத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "கல்யாணப் பத்திரிகையில் பெயர்களை அலங்கார இட்டாலிக்கில் கேட்கிறார்கள். திரையில் அழகாக இருக்கிறது. மெரூன் அட்டையில் தங்க நிறத்தில் ஸ்க்ரீன் பிரிண்ட் போட்டால் மெல்லிய கோடுகள் விட்டுவிட்டு விழுகின்றன. தமிழ்ப் பெயரையும் அதேபோல் சாய்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?"

இட்டாலிக் என்பது வலப்பக்கம் சாய்ந்த ஆங்கில எழுத்து. இந்த அலங்கார வகைக்கு அழகே தடித்த கோடும் மயிரிழைக் கோடும் மாறிமாறி வருவதுதான். சிறிய அளவில் அந்த மயிரிழை ஸ்க்ரீனின் வலைத்துணியான மெஷ்ஷைத் தாண்டி வராது. தங்க இங்க்கில் உலோகத் துகள் வேறு இருப்பதால் மெல்லிய இடம் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதனால் பெயரை 24 பாயிண்டுக்குக் கீழே இறக்காதீர்கள். அதே ஃபாண்ட் குடும்பத்தில் போல்ட் இட்டாலிக் இருந்தால் அதை எடுங்கள். பிளேஃபேர் டிஸ்ப்ளே என்ற ஃபாண்டில் இருக்கிறது, தொழிலுக்கும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

எடுப்பது நிஜ இட்டாலிக்தானா என்றும் பாருங்கள். 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் வெளியிட்ட, ரோமக் கவிஞர் வெர்ஜிலின் நூல்தான் முழுக்க இட்டாலிக்கில் வந்த முதல் புத்தகம். கிரிஃபோ என்பவர் அந்த அச்சை அக்காலக் கையெழுத்தைப் பார்த்து வெட்டினார். அந்தக் கையோட்டம் இன்றும் அதில் இருக்கிறது. ஆங்கிலச் சின்ன 'a'-வை அடித்துப் பாருங்கள். மேலே இருக்கும் கொக்கி போய் ஒரே வயிறாக மாறினால் பெரும்பாலும் நிஜம். கொக்கியோடு அப்படியே சாய்ந்து நின்றால், அது சாஃப்ட்வேர் தள்ளிவிட்ட நேர் எழுத்து.

பெயரில் முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டலாக இருக்கட்டும். வால் நீட்டிய கேப்பிட்டல்களை வரிசையாக அடுக்கினால் ஒன்றின் வால் அடுத்ததில் மோதும், சொந்தக்காரர்களே பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிவரும். மண்டபம், ஊர் எல்லாம் நேர் எழுத்தில். முகூர்த்த நேரம் கண்டிப்பாக நேர் எழுத்தில்தான். இவ்வகை ஃபாண்ட்கள் பலவற்றில் எண்கள் ஏறி இறங்கி நிற்கும், அவசரத்தில் பார்ப்பவர் தடுமாறுவார்.

சரி, தமிழ். சாய்க்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. தமிழ் எழுத்து வளர்ந்த வழியில் இப்படி ஒரு சாய்வு வடிவம் தனியாக உருவாகவில்லை. ர-வையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டுவது ர-வின் அடியில் இருக்கும் சின்னக் கால்தான். சாய்த்துச் சிறிதாக்கினால் அது பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'ராஜா' என்று அடித்துச் சாய்த்து, வாடிக்கையாளருக்கே காட்டுங்கள். தடிப்பும் மெலிவும் உள்ள நேரான தமிழ் ஃபாண்ட் ஒன்றை எடுத்து, ஆங்கிலப் பெயரின் கனத்துக்குப் பொருந்துகிற மாதிரி அளவு வையுங்கள். இரண்டும் ஜோடியாகத் தெரியும்.

அப்புறம், ப்ரூஃபை வெள்ளைத் தாளில் எடுத்துக் காட்டிவிட்டு மெரூன் அட்டையில் அடிக்காதீர்கள். அதே அட்டையில், அதே தங்க இங்க்கில் ஒன்று போட்டு, காய்ந்த பிறகு காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.