வாசகர் கேள்வி பதில்: பாதை பூட்டியிருந்த காலமும் திறந்த பிறகும்

இம்முறை வந்த கடிதங்களில் ஆறு, போர் முடிந்த காலத்தைப் பற்றியவை. ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்த ஆறுக்கும் மாத்திரம் இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்துள்ளேன்.

கேள்வி: நான் 2005 ஆம் ஆண்டு பிறந்தவள். வீட்டில் பழைய கதை பேசும்போதெல்லாம் அம்மாவும் அம்மம்மாவும் "பாதை பூட்டமுதல்", "பாதை பூட்டின பிறகு" என்றுதான் காலத்தைச் சொல்கிறார்கள். போர் 2009 இல் முடிந்தது என்றே நான் படித்திருக்கிறேன். பாதை பூட்டியது அவ்வளவு பெரிய விடயமா ஐயா? (மாணவி, கொக்குவில்)

பதில்: பெரிய விடயம்தான், மகள். அவர்கள் சொல்லும் பாதை, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி. 1995 டிசம்பர் முதல் யாழ்ப்பாண நகரம் இராணுவத்தின் கையில் இருந்தது. குடாநாட்டின் தெற்கு எல்லையான முகமாலைக்கு அப்பால் வன்னியில் விடுதலைப் புலிகளின் நிர்வாகம், அவர்களுடைய பொலிஸ், நீதிமன்றம், வைப்பகம், தீர்வை அறவிடும் இடம் என்று ஓர் அரசாங்கத்துக்கு உரிய எல்லாவற்றோடும் நடந்தது. அதைக் கடந்து ஓமந்தைக்குப் போனால் மறுபடியும் கொழும்பு அரசாங்கம். 2002 பெப்ரவரி 22 ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பின்னர் ஏ9 வீதி திறக்கப்பட்டு, நான்கு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலம் இந்த மூன்று பகுதிகளுக்கும் ஊடாக நாங்கள் போய் வந்தோம். 2006 ஆகஸ்ட் 11 ஆம் திகதி மாலை முகமாலையில் சண்டை தொடங்கியதும் அந்த வீதி மூடப்பட்டது. நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. திருவிழாவுக்கென்று வந்திருந்தவர்கள் இங்கேயே அகப்பட்டுக்கொண்டார்கள், கொழும்புக்கும் வன்னிக்கும் போயிருந்தவர்கள் வீடு திரும்ப வழியில்லாமல் நின்றார்கள். சில குடும்பங்களில் தாய் இங்கும் தகப்பன் அங்குமாக ஆண்டுகள் கழிந்தன.

ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு வேண்டிய அரிசி, மா, சீனி, எரிபொருள் எல்லாமே அதன் பிறகு கப்பலில்தான் வந்தன. கப்பல் பிந்தினால் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் குடும்ப அட்டையோடு விடியப்புறமே வரிசை தொடங்கிவிடும், சீனியும் பால்மாவும் தீர்ந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட பிறகும் அந்த வரிசை கலையாது. நான் அப்போது பாடசாலையில் கற்பித்துக்கொண்டிருந்தேன். காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளின் எண்ணிக்கை அந்த ஆண்டின் இறுதித் தவணையில் கூடியதை நான் கண்ணால் கண்டேன். வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களிலோ நிலைமை நேர்மாறாக இருந்தது. கொழும்புச் சந்தைக்கென்று பயிரிட்ட வெங்காயமும் பீற்றூட்டும் முந்திரிகைப் பழமும் (திராட்சை) போக வழியின்றித் தேங்கிப் பழுதாகின. கடற்றொழிலாளர் எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் கடலுக்குப் போகலாம் என்பதையும் கடற்படையே தீர்மானித்தது.

உங்கள் தலைமுறைக்கு விளங்கப்படுத்தக் கடினமானது "கிளியரன்ஸ்" என்ற சொல். கொழும்புக்குச் சத்திரசிகிச்சைக்குப் போவதென்றாலும், வெளிநாடு போகும் மகளை வழியனுப்பப் போவதென்றாலும், கிராம அலுவலரின் கடிதம், புகைப்படம், அடையாள அட்டைப் பிரதி, காரணத்தை விளக்கும் விண்ணப்பம் ஆகியவற்றை இராணுவத்தின் சிவில் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நாட்கணக்காக, சிலவேளை வாரக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகுதான் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலோ, பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானமோ. செத்தவீட்டுக்கென்று விண்ணப்பித்துவிட்டு, எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குக்கூடப் போய்ச் சேர முடியாமற்போன அயலவர் ஒருவரை நான் அறிவேன். இதற்கு முந்திய காலத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1990 இலிருந்து 1995 வரை புலிகளின் நிர்வாகத்தில் நாங்கள் இருந்தபோதும், குடாநாட்டை விட்டு வெளியேறுவதற்கு அவர்களிடம் பாஸ் எடுத்து, கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தோம். ஊரை விட்டுப் போவதற்கு இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்பது இரண்டு ஆட்சியிலும் எங்களுக்கு விதிக்கப்பட்டிருந்தது.

பசியும் பாஸும் ஒரு பக்கம் இருக்க, 2006, 2007 ஆம் ஆண்டுகளின் பெரிய பயம், ஆட்களைக் கடத்த வந்த வெள்ளை வான் வண்டி. இளம் பிள்ளைகள் வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் கொண்டுபோகப்பட்டார்கள், சுடப்பட்டுக் கிடந்தார்கள். உயிருக்கு அஞ்சிய இளைஞர்கள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் சரணடைந்து, எந்தக் குற்றமும் செய்யாமலே, பாதுகாப்புக்காகச் சிறைச்சாலையில் வைக்கப்பட்டார்கள். சிறைக்குள் போனால் மகன் உயிரோடிருப்பான் என்று தாய் ஆறுதலடைந்த ஊரில் நீங்கள் ஒன்று, இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தீர்கள். அம்மம்மாவிடம் பொறுமையாகக் கேளுங்கள், அவர் சொல்லாமல் விட்டது இன்னும் நிறைய இருக்கும்.

கேள்வி: சமாதான காலத்தில் யாழ்ப்பாணம் போகும்போது வழியில் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் மாற்றி வைத்ததாக என் மனைவி சொல்கிறார். ஒரே நாட்டுக்குள் இரண்டு நேரம் இருக்க முடியாது என்று நான் வாதிடுகிறேன். யார் சரி? (வாசகர், ரொறன்ரோ)

பதில்: உங்கள் மனைவி சரி. 1996 இல் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இலங்கை அரசாங்கம் நேரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, அதே ஆண்டில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. புலிகள் அந்த மாற்றத்தை ஏற்காமல் தங்கள் பகுதியில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். ஆகவே ஓமந்தையில் ஒருமுறையும் முகமாலையில் மறுமுறையும் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கமும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இரண்டு பக்கத்து மணிக்கூடும் ஒன்றாகி நான்கு மாதங்கள் ஆவதற்குள் பாதை பூட்டப்பட்டது.

கேள்வி: போர் முடிந்த 2009 மே 18 அன்று யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? மக்கள் அழுதார்களா, ஆறுதலடைந்தார்களா? (வாசகர், திருச்சி)

பதில்: வெளியே பார்த்தால் அமைதியாகவே இருந்தது. தெற்கில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு பகிர்ந்தார்கள். இங்கே கடைகளிலும் வாகனங்களிலும் தேசியக் கொடி ஏறியது. ஏற்றியவர்களில் எத்தனை பேர் மனம் விரும்பி ஏற்றினார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சத்தமாக அழுவதற்குப் பயம். அழுகை வீட்டுக்குள்ளே, வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு நடந்தது.

எங்கள் சித்தியின் குடும்பம் கிளிநொச்சியில் இருந்தது. 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது, 25 ஆம் திகதி முல்லைத்தீவு நகரமும் இராணுவத்தின் வசமானது. அதன் பிறகு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. செஞ்சிலுவைச் சங்கம் அமர்த்திய "கிறீன் ஓஷன்" கப்பல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரை ஏற்றி வருகிறது என்று செய்தி வரும்போதெல்லாம், அதில் யார் வந்தார்கள் என்று அறிவதற்குத் திருகோணமலையில் தெரிந்தவர்களைத் தேடித் தொலைபேசி எடுப்போம். சித்தியும் ஒரு மகளும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருக்கிறார்கள் என்ற செய்தி ஜூன் மாதம் கிடைத்தது. சித்தப்பாவைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு சொல்லும் இல்லை, விளங்கிக்கொண்டோம். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அவ்வாறு முட்கம்பிக்குள் வைக்கப்பட்டார்கள், மெனிக் பாமின் கடைசிப் பகுதி 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. இறுதி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் எழுதியது. அரசாங்கம் அதை மறுத்தது. வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது. சித்தியும் அதையேதான் சொன்னார்.

ஆறுதல் அடைந்தார்களா என்று கேட்டீர்கள். ஷெல் சத்தம் நின்றது ஆறுதல்தான், அதை மறுப்பவர் போருக்குள் வாழ்ந்திருக்க மாட்டார். ஆனால் பாதை மே மாதத்தோடு திறக்கவில்லை. முதலில் பொருட்களுக்கும், பிறகு அனுமதி பெற்ற பேருந்துப் பயணிகளுக்கும் வழி விட்டார்கள், தனியார் வாகனங்கள் தடையின்றிப் போய் வர 2009 ஆம் ஆண்டு முடியும் தறுவாயாகிவிட்டது. அதற்கிடையில் ஆகஸ்ட் 8 ஆம் திகதி யாழ்ப்பாண மாநகர சபைக்குத் தேர்தல் வைத்தார்கள். வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 22 பேரளவில்தான். முகாம்களில் உறவினர் அடைபட்டிருக்க மையைப் பூசிக்கொள்ள மனம் வரவில்லை என்று என் பக்கத்து வகுப்பு ஆசிரியை சொன்னார்.

கேள்வி: போர் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் "கிறீஸ் பூதம்" என்ற பெயரில் யாழ்ப்பாணத்தில் கலவரம் நடந்ததாகப் படித்தேன். அது வெறும் வதந்திதானா? (ஆசிரியர், மதுரை)

பதில்: 2011 ஆகஸ்டில் மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும், உடம்பில் கிறீஸ் பூசிய ஆட்கள் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற பேச்சுப் பரவியது. எல்லாம் உண்மையென்று நான் சொல்லவில்லை. நாவாந்துறையில் நடந்தது வேறு. ஆகஸ்ட் 22 ஆம் திகதி இரவு, ஊருக்குள் வந்த ஆட்களைத் துரத்திச் சென்றபோது அவர்கள் இராணுவத்தினரின் பக்கம் ஓடி மறைந்தார்கள் என்று மக்கள் கூறினார்கள். வாக்குவாதம் முற்றிக் கல்லெறி நடந்தது. நள்ளிரவுக்குப் பின் படையினர் ஊருக்குள் புகுந்து, வீடுவீடாக நூற்றுக்கு மேற்பட்ட ஆண்களைப் பிடித்தார்கள். மறுநாள் அவர்களிற் பலர் அடிகாயங்களோடு யாழ்ப்பாணம் வைத்தியசாலையில் கிடந்தார்கள். படைத்தரப்பு, மக்களே தம்மைத் தாக்கினார்கள் என்றது.

பூதம் உண்மையா என்பதை விட, ஊர் ஏன் அப்படிக் கொதித்தது என்பதைத்தான் நீங்கள் உங்கள் மாணவருக்குச் சொல்ல வேண்டும். போர் முடிந்த பிறகும் சந்திக்குச் சந்தி காவலரண் இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் வீடுவீடாகக் குடும்பப் பதிவும் படமும் எடுத்தார்கள், நீதிமன்றம் போன பின்னரே அது நிறுத்தப்பட்டது. ஜூன் மாதம் அளவெட்டியில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் கூட்டத்துக்குள் சீருடையினர் புகுந்து அடித்தார்கள். இரவில் கதவு தட்டப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் இருபது ஆண்டுகள் வாழ்ந்த மக்களுக்கு, வேலிக்கப்பால் தெரியும் ஒரு நிழலே போதும். நாவாந்துறைச் சம்பவம் நடந்த சில நாட்களில் அவசரகாலச் சட்டம் நீக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படியே இருந்தது. 2012 நவம்பரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதியில் மாவீரர் நாள் விளக்கேற்றிய விவகாரத்தில் கைதான மாணவர் நால்வர் வெலிக்கந்தைப் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பப்பட்டதும் அந்தச் சட்டத்தின் பெயரால்தான்.

கேள்வி: நீங்கள் எழுதும் யாழ்ப்பாணத்துத் துயரங்களில் எங்கள் பெயர் வருவதில்லை. நாங்களும் அந்த ஊர்தானே? (வாசகி, புத்தளம்)

பதில்: சகோதரி, உங்கள் கேள்வி நியாயமானது, இந்தப் பகுதியில் முன்னரே எழுதியிருக்க வேண்டியது. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து, நகையையும் பொருட்களையும் பறித்துக்கொண்டு விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சோனகத் தெருவில் என்னோடு படித்தவர்களின் வீடுகள் ஒரே மாலையில் வெறுமையாகின. நாங்கள் படலைக்குள் நின்று பார்த்தோம். பயந்துதான் பேசாமல் இருந்தோம் என்று சொல்லலாம், அது உண்மையுந்தான். ஆனால் அதற்குப் பிறகு பயம் இல்லாத ஆண்டுகளிலும் பேசவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவு, நாங்களும் ஊரோடு பெயர்ந்து மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தோம். எங்களுக்குச் சில மாதங்களில் திரும்பி வர முடிந்தது, உங்களுக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. பாதை திறந்த பின் வந்தவர்கள் கண்டது இடிந்த சுவர்களையும், சிலர் காணியில் வேறு ஆட்களையும்தான். ஒஸ்மானியாக் கல்லூரியில் மறுபடி பிள்ளைகளின் சத்தம் கேட்கிறது. திரும்பியவர்களின் குடியேற்ற உதவி பற்றி நீங்கள் எழுதினால், அதை முழுமையாக வெளியிடும்படி ஆசிரியரிடம் நான் கேட்பேன்.

கேள்வி: என் கணவர் 2009 மே மாதம் வட்டுவாகலில் என் கண்முன்னே படையினரிடம் சென்றார். அதன் பிறகு தகவல் இல்லை. மகனின் பெயருக்குக் காணி மாற்றப் போன இடத்தில், மரணச் சான்றிதழ் எடுத்து வரும்படி ஓர் அலுவலர் சொன்னார். மாமியார் சம்மதிக்கவில்லை. நான் என்ன செய்வது? (வாசகி, கரவெட்டி)

பதில்: அம்மா, உங்களை மரணச் சான்றிதழ் எடுக்கும்படி எவரும் கட்டாயப்படுத்த முடியாது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவருக்கு மரணத்தைப் பதிவு செய்ய வழி விட்டது. அதை ஏற்க மறுத்த உங்களைப் போன்றோரின் விடாத குரலால் 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்ற ஒன்று சேர்க்கப்பட்டது. அது அவர் இறந்தார் என்று சொல்வதில்லை. அவரைக் காணவில்லை என்பதை மாத்திரம் அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. பிள்ளையின் பொறுப்பு, உதவித்தொகை, சொத்தைப் பராமரித்தல் போன்றவற்றுக்கு அதைக் காட்டலாம். காணியை நிரந்தரமாகக் கைமாற்றுவது வேறு விடயம், அதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காணி உறுதியைக் (பத்திரத்தை) காட்டிக் கேளுங்கள். பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம்.

மாமியாரை அவசரப்படுத்த வேண்டாம். சான்றிதழ் எடுத்தால் மகனைத் தேடுவதை நிறுத்திவிடுவார்கள் என்று அவர் பயப்படுகிறார், அந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. இந்தச் சான்றிதழ் தேடுதலை முடித்துவைப்பதில்லை என்பதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அலுவலகத்துக்குப் போகும்போது கணவரின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ஆணைக்குழுக்களுக்கும் நீங்கள் எழுதிய கடிதங்கள், அவர்கள் தந்த இலக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே கோவையில் கொண்டு செல்லுங்கள். கொடுப்பதெல்லாம் பிரதிகளாக இருக்கட்டும். அசல்களை, யார் எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், கையை விட்டு விடாதீர்கள்.