ஊட்டி, குன்னூரில் வாடகைக்கு வீடு: கேட்டவர்களுக்கு என் பதில்

இருபது வருடத்தில் ஊட்டியிலும் குன்னூரிலுமாக ஆறு வாடகை வீடு மாறியிருக்கிறேன். இப்போது இருப்பது ஊட்டியின் காந்தல் பகுதியில். வேலை மாற்றலாகி மலைக்கு வருகிறவர்கள் கேட்டவற்றுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஊட்டியில் ஒரே அளவில் இரண்டு வீடு பார்த்தோம். ஒன்று எட்டாயிரம், மற்றது பத்தாயிரம். மலிவானதையே பிடிக்கலாமா?

எந்த வீட்டில் வெயில் விழுகிறது என்று பாருங்கள். கோவையில் வெயில் படாத வீட்டைத் தேடுவோம். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வெயில்தான் வாடகையைத் தீர்மானிக்கிறது. மலையின் வடக்குச் சரிவில் இருக்கும் சில வீடுகளுக்கு மார்கழி, தை மாதங்களில் வெயில் எட்டிப் பார்ப்பதோடு சரி. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. பள்ளத்தில் இருக்கும் வீடென்றால் உறைபனியும் கூடுதல்.

அப்புறம் பின்சுவர். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் அது மண்ணோடு ஒட்டி நிற்கும், ஓதம் அங்கிருந்துதான் ஏறும். புதுசாக பெயிண்ட் அடித்திருந்தால் கண்ணை நம்பாதீர்கள். கையை வைத்துப் பாருங்கள், மூடிய அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். என் இரண்டாவது வீட்டில் இதைச் செய்யாமல் விட்டேன். ஆறே மாதத்தில் மகளுக்கு இளைப்பு வந்துவிட்டது. அந்த வருடம் மருந்துக்குக் கொடுத்த பணத்தில் நல்ல வீடாகவே பிடித்திருக்கலாம்.

முடிந்தால் மழையில் வந்து பாருங்கள். ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. அதனால் ஊட்டி வீட்டை ஆடியிலும் குன்னூர் வீட்டை ஐப்பசியிலும் பார்ப்பது உத்தமம்.

நாங்கள் பார்த்த தெருவில் படுகர், மலையாளிகள், முஸ்லிம்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள், வடநாட்டுக் கடைக்காரர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். நாங்கள் ஒட்டுவோமா?

என்னைக் கேட்டால், அப்படிப்பட்ட தெருவைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். இந்த மலையில் பாதிப் பேர் எங்கிருந்தோ வந்தவர்களின் பிள்ளைகள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்காகவே தமிழ்நாடு அரசு இங்கே டேன்டீ என்ற தன் தேயிலைத் தோட்டங்களைப் போட்டது. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவ முகாம் என்று பிழைப்புக்கு வந்து தங்கியவர்கள் இன்னொரு பக்கம். இத்தனை பேர் ஒரு காலத்தில் புதுசாக வந்தவர்கள் என்பதால், புதுசாக வருகிறவரை இங்கே முறைத்துப் பார்ப்பது குறைவு.

ஆனால் முதல் அடி நீங்கள்தான் வைக்க வேண்டும். குடிபோன அன்றே இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி, "தண்ணி எப்ப வரும்?" என்று கேளுங்கள். அது வெறும் பேச்சு இல்லை. குழாயில் தண்ணீர் எல்லா நாளும் வராது, எந்த நாள், எத்தனை மணி என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் காந்தலுக்கு வந்த வாரம், எங்கள் சின்டெக்ஸ் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு மலையாள சேச்சி தன் வீட்டிலிருந்து டியூபை நீட்டிவிட்டார். அவர் மாமியாருக்கு முடியாமல் போன இரவில் வண்டி எடுத்தவன் நான். எங்களுக்குள் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது. படுகரின் ஹெத்தையம்மன் திருவிழா, ரம்ஜான், காந்தல் தேவாலயத்தின் குருசடித் திருவிழா எதுவானாலும் கூப்பிட்டால் போய்வாருங்கள். படுக மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் பாட்டிமார் உங்களை விடவே மாட்டார்கள்.

வீடு பிடித்திருந்தது. கடைசியில் வீட்டுக்காரர், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். என்ன சொல்வது?

எனக்கும் இது நடந்திருக்கிறது. அன்று படி இறங்கும்போது கூசிப்போனது இன்னும் மறக்கவில்லை. பதில் சொல்லி அந்த வீட்டை எடுக்காதீர்கள். இன்றைக்குச் சாதி கேட்கிறவர் நாளைக்கு உங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள், என்ன சமைக்கிறீர்கள் என்றும் கேட்பார். கறி, மீன் சமைப்பீர்கள் என்றால் அதை மட்டும் முதல் பேச்சிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள், அலைச்சல் மிச்சம். எல்லாருக்கும் வீடு கொடுக்கிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். புரோக்கரைவிட மளிகைக்கடைக்காரருக்கு அவர்களை நன்றாகத் தெரியும்.

பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார், எழுத்தில் எதுவும் வேண்டாம் என்கிறார்.

எழுத்து இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது. பத்து மாதத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் தலையில்தான் விழும்.

ஊட்டிக்கென்றே ஒன்று உண்டு. ஏப்ரல், மே சீசனில் அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் கணக்கில் விட்டால் பல மடங்கு கிடைக்கும். அதற்காகவே மார்ச்சில் குடித்தனக்காரரைக் கிளப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சீசனிலும் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் எகிறுமா?

எகிறும். 2,000 வாட் ஹீட்டர் தினம் மூன்று மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட், இரண்டு மாதத்துக்கு 360 யூனிட். இலவச யூனிட் இதற்குப் போதாது. வீட்டுக்கு மின்வாரியத்தின் தனி மீட்டரா, வீட்டுக்காரர் தாமாக வைத்த உள் மீட்டரா என்று முதலிலேயே கேளுங்கள். உள் மீட்டரென்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பில்லுக்குப் பயந்து கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் தூங்காதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மலையில் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்து எழுந்திருக்காமல் போனவர்கள் உண்டு. கம்பளியை இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவு ஷிப்ட் முடித்து குன்னூரில் தனியாக நடந்து வர வேண்டும். பயப்படணுமா?

மனிதரைவிடக் காட்டெருமைக்கும் கரடிக்கும்தான். டார்ச் இல்லாமல் வராதீர்கள். காட்டெருமை வழியில் நின்றால் விரட்டாமல், அது நகரும் வரை தள்ளி நில்லுங்கள். குப்பைத்தொட்டியை ஒட்டிய வீட்டை எடுக்காதீர்கள், கரடி முதலில் வருவது அங்கேதான்.