கணினி கேள்வி பதில்: வீட்டிலேயே ஒரு வழங்கி

கேள்வி: இணையதளம் அமைக்க உதவும் பிஎச்பி (PHP) நிரல்மொழி கற்று வருகிறேன். எழுதிய கோப்பை உலாவியில் திறந்தால் விடை வராமல் நிரல் வரிகளே அப்படியே தெரிகின்றன. ஒவ்வொரு திருத்தத்தையும் இணையத்தில் ஏற்றித்தான் பார்க்க வேண்டுமா? டேட்டா செலவு கட்டுப்படியாகவில்லை.
– மாணவி, வெள்ளவத்தை, கொழும்பு 6

பதில்: ஏற்றத் தேவையில்லை. இணையப் பக்கத்தின் அமைப்பை விவரிக்கும் எச்டிஎம்எல் கோப்பை உலாவியே படித்துக் காட்டிவிடும். பிஎச்பி நிரலை இயக்குவது வழங்கியின் (சர்வர்) வேலை. இயக்கிப் பெற்ற விடையை மட்டுமே அது உலாவிக்கு அனுப்புகிறது. நீங்கள் கோப்பை நேரடியாகத் திறக்கும்போது இடையில் வழங்கி இல்லாததால் நிரல் இயங்காமல் கிடக்கிறது.

எக்ஸாம்ப் (XAMPP) என்னும் இலவசத் தொகுப்பில் அப்பாச்சி வழங்கி, பிஎச்பி, மரியாடிபி தரவுத்தளம் மூன்றும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஒருமுறை பதிவிறக்கி நிறுவிவிட்டால் பயிற்சிக்கு இணைய இணைப்பே வேண்டாம். எக்ஸாம்ப் கோப்புறைக்குள் உள்ள ‘எச்டிடாக்ஸ்’ (htdocs) கோப்புறையில் உங்கள் கோப்புகளை வைத்து, கட்டுப்பாட்டுப் பலகத்தில் அப்பாச்சியைத் தொடக்கி, உலாவியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ (localhost) என்ற முகவரியின் வழியாகத் திறவுங்கள். அப்பாச்சி தொடங்கிய கையோடு நின்றுவிட்டால், பெரும்பாலும் 80ஆம் போர்ட்டை (இணைப்புகள் வந்துசேரும் எண்ணிட்ட வாயிலை) வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கும். அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் அதை 8080 என மாற்றினால், முகவரியிலும் அந்த எண்ணைச் சேர்த்தே (localhost:8080) தட்டச்சிட வேண்டும்.

தமிழில் தளம் அமைப்பவர்கள் தரவுத்தளத்தில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அட்டவணை, பிஎச்பி இணைப்பு இரண்டிலும் எழுத்துக்குறி முறையை (எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை) ‘யூடிஎஃப்8எம்பி4’ (utf8mb4) என்று வையுங்கள். ஒன்றில் தவறினாலும் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவோ புரியாத குறிகளாகவோ மாறிவிடலாம். அளவையும் பாருங்கள். ‘கொழும்பு’ நமக்கு நான்கு எழுத்து. தரவுத்தளமோ உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் அதற்கு 8 குறிகள், சேமிப்பில் 24 பைட். ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து 20 குறிகள் என வரையறுத்த அட்டவணைக் களத்தில் ஒரு நீளமான தமிழ்ப் பெயர் அடங்காது. தாராளமாக இடம் விடுங்கள்.

நிறுவும்போது தரவுத்தளத்தில் முழு அதிகாரம் கொண்ட ‘ரூட்’ பயனருக்குக் கடவுச்சொல் இருக்காது. வீட்டுப் பயிற்சிக்கு அது போதும்; பொது இணையத்துக்கு இதே அமைப்பை ஒருபோதும் திறந்துவிடாதீர்கள். தளத்தை ஏற்றும் நாளில், கோப்புப் பெயர்களின் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளைச் சரிபாருங்கள். விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. வாடகை வழங்கிகளில் பரவலாக உள்ள லினக்ஸ் இயங்குதளம் பொருட்படுத்தும் என்பதால், வீட்டில் ஓடிய பக்கம் அங்கே ‘404’ (பக்கம் கிடைக்கவில்லை) என்று வந்து நிற்கும்.