அக்ராவில் மேளமும் ஆட்டமும்: எங்கே தொடங்குவது?

தம்பி, கானா நாட்டின் தலைநகரான அக்ராவுக்கு வந்து சில மாதம் ஆகியும் அலுவலகத்துக்கு வெளியே பழக்கம் அமையவில்லை, இந்த ஊர் மேளமும் ஆட்டமும் கற்றால் மக்களோடு ஒட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். ஆனால் ஊர்க்காரர்கள் தங்களுக்காக ஆடும் இடத்தில் கற்க வேண்டும்.

சுற்றுலாக்காரர்கள் கூடும் கடைத்தெருவில் ஜெம்பே என்ற கைமேளத்தைக் கையில் கொடுத்து ஒரு மணி நேரத்தில் சொல்லித்தருகிறேன் என்பார்கள். ஜெம்பே மாலி, கினி பக்கத்து வாத்தியம். பொழுது போக்கச் சரி. 1962இல் தொடங்கிய கானா டான்ஸ் என்செம்பிள் என்ற நடனக் குழுவின் நிகழ்ச்சி கிடைத்தால் விடாதீர்கள், அருமையாக இருக்கும். என்றாலும் அங்கே நீங்கள் பார்வையாளர்தான்.

என்னைக் கேட்டால் எவே இன மக்களின் மேளமும் ஆட்டமும் சேர்ந்த அக்பாட்ஜாவில் தொடங்கச் சொல்வேன். நாட்டின் கிழக்கே, எவே மக்கள் வாழும் வோல்டா பக்கத்துக்காரர்கள் அக்ராவில் நிறையப் பேர். உங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் இருப்பார், அவரிடம் கேளுங்கள். அவர்கள் ஆடும் இடத்துக்குப் போனதும் மேளத்தைத் தொட வேண்டாம். கான்கோகுயி என்ற இரட்டை மணியைக் கவனியுங்கள். 12 துடிப்பில் 7 அடி, அதுவும் சம இடைவெளியில் விழாது. ஆதி தாளம் போட்டுப் பழகிய கை 'சமம் எங்கே?' என்று தேடும். அங்கே யாரும் எண்ணுவதில்லை. ககனு என்ற சின்ன மேளம் ஒரே சொல்லை விடாமல் சொல்லும். கிடி என்ற மேளம், தலைமை மேளமான சொகோவுக்குப் பதில் கொடுக்கும். தனித்தனியாகக் கேட்டால் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். சொகோ கடைசியில்தான் கைக்கு வரும். அதுவரை கைதட்டிப் பாடுங்கள், அதற்கே உங்களைப் பிடித்துப்போகும்.

அப்புறம், சாவு வீடு. கூச்சப்படாதீர்கள், பறை கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்! சனிக்கிழமைகளில் கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம் கண்ணில் படும். நிறைவாக வாழ்ந்த பெரியவர் போயிருந்தால் வெள்ளையும் கறுப்பும். அகான் இனத்தவர் வீட்டில் அடோவா என்ற ஆட்டம் ஆடுவார்கள். கால் மெல்ல நகரும், பேசுவது கைதான். இரு கையும் தலைக்குப் போனால் துக்கம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்றாக ஆடுபவரின் தலைக்கு மேல் வலக்கையின் இரண்டு விரலை நீட்டிப் பாராட்டுவார்கள். உடன் வேலை செய்பவர் அழைத்தால் போங்கள். வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வலமிருந்து இடமாகக் கைகொடுத்துக்கொண்டே வாருங்கள், இடக்கை மட்டும் நீட்டாதீர்கள். மொய் உண்டு. மைக்கில் பெயர் வாசிப்பார்கள், ரசீதும் தருவார்கள்!

இன்னொன்று. அக்ரா, 'கா' என்ற இன மக்களின் ஊர். அவர்களுடைய ஹோமோவோ திருவிழாவுக்கு முன், மே மாதத்தை ஒட்டி ஏறக்குறைய ஒரு மாதம் மேளம் அடிக்கத் தடை. தேதியை முன்பே அறிவித்துவிடுவார்கள். சில ஆண்டுகளில் தேவாலயங்களோடு இதற்காகப் பெரிய தகராறே நடந்திருக்கிறது. அந்த மாதம் மாடியில்கூடப் பயிற்சி வேண்டாம். ஆட்ட அடவு பழகுங்கள், விடுப்பு கிடைத்தால் வோல்டா பக்கம் போய்விடுங்கள்.