அடுத்த காராக ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ வாங்கலாமா?

உங்கள் கேள்வியை எனக்காக ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன். ஆறு ஆண்டுகள் ஓட்டிய ஜெர்மன் செடானை மாற்றப் போகிறீர்கள். மனம் ஆல்ஃபாவின் ஜூலியா செடானில், அதுவும் அதன் அதிவேக வடிவமான குவாட்ரிஃபோலியோவில் போய் நிற்கிறது, மஸராட்டி கிப்ளி என்ற இன்னோர் இத்தாலியச் செடானும் கண்ணில் பட்டிருக்கிறது. தினமும் ஓட்ட வேண்டும். பின்னிருக்கையில் இரண்டு சிறு பிள்ளைகள். "ஆசைப்பட்டு மாட்டிக்கொள்வேனா?" என்று கேட்கிறீர்கள்.

ஜூலியா வாங்குங்கள். குவாட்ரிஃபோலியோ வேண்டாம். அதே ஜூலியாவின் இன்னொரு வடிவமான, 280 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் வெலோசேயைப் பாருங்கள்.

இதைப் படித்ததும் உங்கள் முகம் சுருங்கியிருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எனக்கு இதையே சொன்னபோது என் முகமும் அப்படித்தான் ஆனது. அப்போது எனக்கு வேண்டியிருந்ததும் குவாட்ரிஃபோலியோதான். நண்பர் ஒருவர் தம்முடையதை இரண்டு நாள் கொடுத்து, "ஆசை தீர ஓட்டிவிட்டு வா" என்றார். அந்த இரண்டு நாளில்தான் என் கணக்கு மாறியது, கடைசியில் வெலோசே வாங்கினேன்.

முதலில் எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஓட்டிப் பார்க்காமலே பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். 2.9 லிட்டர், இரட்டை டர்போ, வி6. 510 குதிரைத்திறன், 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட 3.9 வினாடி, உச்ச வேகம் 307. சிலிண்டரின் விட்டம் 86.5 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 82 மில்லிமீட்டர். அந்தக் காலத்து ஃபெராரி கலிஃபோர்னியா டி காரின் வி8 எஞ்சினிலும் இதே அளவுகள்தான். இரண்டு சிலிண்டர் குறைந்த தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் அது எழுப்பும் ஒலி, பள்ளிப் பையனைப் போல என்னைச் சிரிக்க வைத்தது. ஆனால் மூன்றாவது கியரிலேயே நூறைத் தாண்டிவிடுகிறது. பொதுச் சாலையில் அந்தச் சிரிப்புக்கு ஆயுள் மூன்று வினாடி. பிறகு காலை எடுத்துவிட்டு, முன்னால் போகும் லாரியின் பின்னால் நல்ல பிள்ளையாக ஊர்ந்து போக வேண்டும்.

காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த இரவு என் கையில் மிச்சமிருந்தது ஸ்டியரிங்கின் நினைவு. எஞ்சின் அவ்வளவாக நினைவுக்கு வரவில்லை. இது எனக்கே விநோதமாக இருந்ததால் காரணம் தேடிப் படித்தேன்.

ஜூலியாவின் ஸ்டியரிங் விகிதம் 11.8. அதாவது முன்சக்கரம் ஒரு பாகை திரும்ப, நம் கை 11.8 பாகை திரும்பினால் போதும். வழக்கமான செடான்களில் இந்த எண் பெரிதாக இருக்கும், கை இன்னும் அதிகம் சுற்ற வேண்டும். விகிதத்தைக் குறைப்பது மட்டும் பெரிய வித்தை ஆகாது. அப்படிச் செய்து வண்டியைப் பதற்றக்காரனாக்கியவர்கள் பலர். இங்கே அந்தப் பதற்றத்தைத் தடுப்பது முன் சஸ்பென்ஷன். பிஎம்டபிள்யூ 3 வரிசையில் முன்சக்கரத்தைத் தாங்குவது ஸ்ட்ரட் என்ற தூண் போன்ற அமைப்பு. ஜூலியாவில் மேலும் கீழும் தனித்தனிக் கைகள் சக்கரத்தைப் பிடித்திருக்கின்றன. வளைவில் வண்டி சாயும்போதும் டயர் தரையோடு படிந்தே நிற்கிறது. அதோடு முன்பின் எடை ஏறக்குறைய சரிபாதி. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீண்ட ஷாஃப்ட் கார்பன் இழையால் ஆனது. இதையெல்லாம் அறியாதவர்கூட முதல் வளைவில் உணர்ந்துவிடுவார்: நினைத்த மாத்திரத்தில் மூக்கு திரும்புகிறது.

இப்போது முக்கியமான செய்தி. மேலே உள்ள பத்தியில் சொன்ன அத்தனையும் வெலோசேயிலும் இருக்கிறது. அதே 11.8, அதே சஸ்பென்ஷன் அமைப்பு, அதே கார்பன் ஷாஃப்ட். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் விரலால் கியர் மாற்றும் அந்த நீண்ட அலுமினிய இதழ்களும் உண்டு. குவாட்ரிஃபோலியோவுக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி எஞ்சினுக்குப் போகிறது. ஜூலியாவின் அபூர்வம் அந்த எஞ்சினில் இல்லை. 500 குதிரைத்திறன் செடானை ஜெர்மானியர்களும் தருகிறார்கள். இப்படித் திரும்பும் முன்சக்கரங்களை அவர்களிடம் நான் பார்க்கவில்லை.

இப்படி ஒரு கார் எப்படி வந்தது என்பதே ஒரு கதை. ஆல்ஃபாவின் பின்சக்கர இயக்கச் செடான் மரபு 75 என்ற மாடலோடு 1992 இல் முடிந்துபோனது. அதன்பின் வந்த 155, 156, 159 எல்லாம் முன்சக்கர இயக்கத்தை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றில் 156 பேரழகு, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பழைய ரசிகர்கள் ஆறவில்லை. கடைசியில், ஃபெராரியிலிருந்து வந்த ஃபிலிப் க்ரீஃப் தலைமையில் ஒரு சிறு குழுவைத் தனியே உட்கார வைத்து, ஜோர்ஜியோ என்ற புதிய தளத்தை உருவாக்கினார்கள். நிறுவனத்தின் 105 ஆவது பிறந்தநாளான 2015 ஜூன் 24 அன்று ஜூலியாவை அறிமுகப்படுத்தினார்கள். 2014 இல் ஆல்ஃபாவின் தாய் நிறுவனத் தலைவராக இருந்த செர்ஜியோ மார்க்கியோன்னே அறிவித்த திட்டத்தில் 2018க்குள் ஆண்டுக்கு நான்கு லட்சம் கார்கள் என்ற இலக்கு இருந்தது. அதன் அருகில்கூட அவர்கள் போகவில்லை. உங்களைப் போன்ற வாங்குபவருக்கு இது வெறும் வரலாறு ஆகாது: விற்ற வண்டிகள் குறைவு என்றால் அதைப் பழகிய மெக்கானிக்குகளும் குறைவு. இதற்குக் கீழே திரும்பி வருகிறேன்.

குவாட்ரிஃபோலியோவோடு தினமும் வாழ்வது எப்படி என்று கேட்டீர்கள். நண்பர் சலிக்காமல் வாழ்கிறார், ஆனால் அவர் வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது. பந்தயக் களத்துக்கு நெருங்கிய வகை டயர் போட்ட வண்டியை, குளிர்ந்த காலையில் முழுக்க ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்தப் பார்த்தால் முன்டயர்கள் டக்டக்கென்று தத்தும். அந்த டயர் ரப்பரின் கடினமும் சக்கரக் கோணமும் சேர்ந்து செய்கிற வேலை. பழுது எதுவும் இல்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு முறையும் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். முன்பக்கம் தாழ்வானது, அதில் மேலும் கீழும் அசையும் கார்பன் உதடு வேறு. நடைபாதை ஓரத்தில் அது உரசினால் உங்கள் பல் கூசும். கார்பன் செராமிக் பிரேக் போட்ட வண்டியானால், தட்டுகளின் விளிம்பில் சிதறல் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அந்தத் தட்டுகளின் விலை மனிதரைத் தத்துவஞானி ஆக்கிவிடும்.

நம்பகத்தன்மைக்கு வருவோம், உங்கள் உண்மையான பயம் அதுதான். நான் இதற்கு முன்பும் ஓர் இத்தாலியச் செடான் வைத்திருந்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. ஒரு குளிர்காலத்தில் அதன் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் திருவிழாப் போல எரியத் தொடங்கின. முதல் பணிமனை ஒரு சென்சாரை மாற்றியது. விளக்குகள் மறுபடி எரிந்தன. இரண்டாவது பணிமனை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றியது. பத்து நாள் கழித்து மறுபடி அதே கூத்து. மூன்றாவதாக, ஒரு வயதான மெக்கானிக் பேனட்டைத் திறந்து, பாட்டரியில் மீட்டரை வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பாட்டரி செத்துக்கொண்டிருந்தது. இன்றைய காரில் பல கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. ஸ்டார்ட் செய்யும் நொடியில் மின்னழுத்தம் சரிந்தால் ஒன்று தடுமாறும், அதைப் பார்த்து அடுத்தது புகார் சொல்லும். இத்தாலிய மின்சாரம் என்று ஊரே சிரிக்கும் கதைகளில் எத்தனை இப்படி வெறும் பாட்டரிக் கதைகளோ என்று அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம் உண்டு. பணம் போனது போனதுதான்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் இந்த வண்டியைப் பழகிய ஒரு மெக்கானிக்கைத் தேடுங்கள், பிறகு காரைத் தேடுங்கள். அவரிடம் எளிதில் போய்வர முடியாதென்றால் இந்த எண்ணத்தையே விட்டுவிடலாம், ஜெர்மன் காரே மேல். கிடைத்துவிட்டால், வாங்குவதற்கு முன் அவரிடம் காட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள், அதற்கு அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

வெலோசேயில் கவனிக்க வேண்டியது ஆயில். அதன் 2 லிட்டர் எஞ்சினில் மல்ட்டிஏர் என்ற அமைப்பு இருக்கிறது. காற்றை உள்ளே விடும் வால்வுகளை கேம்ஷாஃப்ட் நேரடியாகத் தள்ளுவதில்லை. நடுவில் எஞ்சின் ஆயிலே நின்று, ஒரு மின்வால்வின் சொற்படி தள்ளுகிறது. ஆயில் அழுக்காகவோ குறைவாகவோ வேறு ரகமாகவோ இருந்தால் எஞ்சினின் மூச்சே தடுமாறும். ஆயில் மாற்றிய ரசீதுகள் ஒழுங்காக இல்லாத வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கூடவே இன்னொன்று: சில வெலோசேக்களில் பின்சக்கரம் ஒன்று மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் மெக்கானிக்கல் டிஃபரன்ஷியல் பூட்டும், சாலைக்கேற்ப இறுகித் தளரும் டாம்பர்களும் (அதிர்வு தாங்கிகள்) கூடுதல் தொகுப்பாக வந்தன. அது இருக்கும் வண்டிக்காகக் காத்திருங்கள். நான் ஐந்து மாதம் காத்திருந்தேன்.

குறைகளையும் சொல்கிறேன். நான்கு சிலிண்டரின் ஒலியில் கவிதை கிடையாது, வேலை செய்கிற இயந்திரத்தின் ஒலி, அவ்வளவுதான். குவாட்ரிஃபோலியோவில் உள்ள ரேஸ் நிலை இதில் இல்லை, எனவே வண்டியைச் சமநிலைப்படுத்தும் மின்னணு உதவியை முழுக்க அணைக்க முடியாது. ஆளில்லாத ஈரமான மைதானத்தில் பின்பக்கத்தைச் சறுக்கி விளையாட ஆசை இருந்தால் ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அந்த ஆசை இருந்தது.

குவாட்ரிஃபோலியோவுக்குப் பெயர் தந்த அந்த நான்கிலைச் சின்னமும் கிடைக்காது. 1923 இல் உகோ சிவோச்சி என்ற ஓட்டுநர், வெள்ளைச் சதுரத்தில் நான்கிலைக் குளோவர் வரைந்த ஆல்ஃபாவில் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை வென்றார். அதே ஆண்டு மோன்ஸா பந்தயக் களத்தில், அந்தச் சின்னம் இல்லாத ஒரு வண்டியை ஓட்டிப் பயிற்சி செய்தபோது இறந்துபோனார். அதன்பின் சதுரம் முக்கோணமாயிற்று. இல்லாமல் போன அந்த மூலை அவருக்கானது என்பார்கள். இப்படியொரு கதையைப் பக்கவாட்டில் சுமந்துகொண்டு போகும் வண்டியை வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. அந்தச் சின்னம் என் காரில் இல்லையே என்று ஒரு நாளும் நினைத்ததில்லை என்று எழுதினால் அது பொய்.

கிப்ளியைப் பற்றிச் சுருக்கமாக. 2013 முதல் 2023 வரை தயாரானது, ஐந்து மீட்டருக்குச் சற்றே குறைந்த நீளம், ஜூலியாவைவிட நன்றாகவே கனம். ஆரம்ப ஆண்டு வண்டிகளில் ஹைட்ராலிக் ஸ்டியரிங் இருந்தது. இந்தக் காலத்தில் அது அரிது, அதற்காகவே ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். நெடுஞ்சாலையில் சுகமான வண்டி. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் வளைவுகளுக்காக ஏங்குகிறவராகத் தெரிகிறீர்கள், அதற்கு இது ஆள் இல்லை. அவ்வளவு நீளத்துக்குப் பின்னிருக்கை இடமும் பெரிதாக இல்லை.

பின்னிருக்கை என்றதும் உங்கள் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். ஜூலியாவின் டிக்கி 480 லிட்டர், அது போதும். ஆனால் பின்கதவின் திறப்பு குறுகல், நடுவில் தரை மேடாக இருக்கிறது. ஓட்டிப் பார்க்கப் போகும்போது குழந்தை இருக்கைகள் இரண்டையும் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். பட்டையை யார் தினமும் மாட்டுவாரோ அவரையும் அழைத்துப் போங்கள். நான் தனியாகப் போய்ப் பார்த்து, தனியாக முடிவெடுத்து, தனியாக வாங்கி வந்தேன். ஒவ்வொரு காலையும் முதுகை வளைத்துக் குனியும்போது என் மனைவி அதை எனக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.